மதர்போர்டையும் சேர்த்தே மாற்றணுமா? கேமிங் பிசிக்கு ‘காம்போ’ வாங்கும் முன்...

“அண்ணா, புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் கேம் அப்படியேதான் ஓடுது. கடையில கேட்டா போர்டு, புராசஸர், ரேம் மூணையும் சேர்த்து மாத்தணும்கிறாங்க. மாத்திடட்டுமா?”

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய பிசி 2019-இல் சேர்த்தது. ரைசன் 5 2600 புராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம். போனஸ் பணத்தில் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு வாங்கிப் போட்டார். ‘சைபர்பங்க் 2077’ ஆளே மாறிப்போனது. ஆனால் தினமும் ராத்திரி நண்பர்களோடு ஆடும் ‘கவுன்டர்-ஸ்ட்ரைக் 2’-இல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சரியாகச் சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் திரை திக்கித் திணறியது. கடையில் எழுதிக்கொடுத்த சீட்டின் கடைசி வரி அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது.

அந்தச் சீட்டைக் கிழித்துப் போடச் சொன்னேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பலருக்குப் புராசஸர் மாற்ற வேண்டிய தேவை உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதோடு மதர்போர்டையும் ரேமையும் சேர்த்துத் தலையில் கட்டுவது, முக்கால்வாசி நேரம் தேவையில்லாத செலவு. அதிலும் ரேம் விலை இப்போது இருக்கும் இருப்பில், அது வேதனையான செலவு.

பரோட்டா கடை கணக்கு

புராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் என்ன உறவு என்று புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ராத்திரி பரோட்டா கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லில் நிற்கும் மாஸ்டர்தான் கிராஃபிக்ஸ் கார்டு. டேபிள் டேபிளாகப் போய் ஆர்டர் எடுத்து, “நாலு பரோட்டா, ஒரு வீச்சு, ஒரு கொத்து” என்று குரல் கொடுக்கும் சப்ளையர்தான் புராசஸர். மாஸ்டர் எவ்வளவு வேகமான ஆளாக இருந்தாலும், ஆர்டர் வந்தால்தான் மாவைத் தட்ட முடியும். சப்ளையர் மெதுவான ஆளாக இருந்தால், மாஸ்டர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்.

கேமிலும் இதேதான். யார் எங்கே நிற்கிறார், குண்டு யார் மேல் பட்டது, சுவர் உடைந்ததா என்ற கணக்கெல்லாம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புராசஸர் முடித்துக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் கார்டு படம் வரையும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லிசெகண்டு அவகாசம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுசாகப் பயன்படுத்த நினைத்தால் அது 6.9 மில்லிசெகண்டாகச் சுருங்கிவிடும். சைபர்பங்க் மாதிரி, படம் வரைவதே பெரிய வேலையாக இருக்கும் கேமில் மாஸ்டர் மேல்தான் சுமை; அங்கே புதுக் கார்டு உடனே பலன் தரும். கவுன்டர்-ஸ்ட்ரைக், வாலரன்ட் போன்றவற்றில் படம் வரைவது எளிது, வேகம்தான் முக்கியம். சுமை முழுவதும் சப்ளையர் தலையில்.

ஆக, கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி சரி. தம்பியின் புராசஸர் உண்மையிலேயே பின்தங்கிவிட்டது. அதைக் கண்டுபிடிக்கக் கடைக்குப் போக வேண்டியதே இல்லை, வீட்டிலேயே பத்து நிமிடத்தில் சோதிக்கலாம். கேம் செட்டிங்ஸில் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்குக் குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால், இதுவரை தடையாக இருந்தது கார்டு. ஏறவே இல்லை என்றால் தடை புராசஸர் பக்கம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு ஆடும்போதே கவனிக்கலாம். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் மாஸ்டர் முழு வேகத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். அது 60, 70 என்று அலைந்தால் ஆர்டருக்காகக் காத்திருக்கிறார். (ஃபிரேம் எண்ணிக்கைக்கு நீங்களே வரம்பு வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.)

இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, “சிபியு 45 சதவீதம்தானே காட்டுது, அப்போ புராசஸர்ல பிரச்னை இல்லை” என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அது எல்லா கோர்களுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. ஒரு கேமின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கும். மற்றவை வேடிக்கை பார்க்கும். ஆறு சப்ளையர் இருந்தும் கூட்டம் ஒரே வரிசையில் நின்றால் என்ன ஆகும், அதுதான்.

காசு செலவில்லாத அப்கிரேடு

தம்பியின் பிசியைத் திறந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 3200 வேகம் என்று பெட்டியில் போட்டு வாங்கிய ரேம், ஆறு வருடமாக 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ஒரு அமைப்பை ஆன் செய்தால்தான் விளம்பரப்படுத்திய வேகம் வரும். பிசியைச் சேர்த்துக் கொடுத்தவர் செய்யவில்லை, இவருக்குத் தெரியவில்லை. ஆரம்பகால ரைசன்கள் ரேம் வேகத்துக்கு ரொம்பவே உணர்திறன் உள்ளவை. ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான், திணறல் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. உங்கள் பிசியில் ஒரே ஒரு ரேம் குச்சிதான் இருக்கிறது என்றாலும் அதே கதைதான். இரண்டு குச்சி இருந்தால்தான் இரட்டைப் பாதையில் தரவு போகும்.

இன்னும் சிலர் போர்டு மாற்ற வருவது, “டிபிஎம் 2.0 இல்லை” என்ற அறிவிப்பைப் பார்த்துப் பயந்து. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் கேட்கிறது. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட வேண்டுமென்றால் டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். பேட்டில்ஃபீல்ட் 6-உம் செக்யூர் பூட் கேட்கிறது. இன்டெல்லின் 8-ஆம் தலைமுறைக்கும் ரைசன் 2000 வரிசைக்கும் பிறகு வந்த பெரும்பாலான பிசிக்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. பயாஸில் அணைந்து கிடக்கிறது. இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். இதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

சாக்கெட் அரசியல்

சரி, புராசஸரே மாற்ற வேண்டும் என்றால்? இங்கேதான் உங்களிடம் இருப்பது எந்தக் கம்பெனி போர்டு என்பது கணக்கை மாற்றுகிறது.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் வந்தது 2017 மார்ச்சில். ஐந்து வருடம் கழித்து, 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600-உம் ரைசன் 7 5800எக்ஸ்3டி-உம் அதே சாக்கெட்டில் உட்கார்ந்தன. இது ஏஎம்டியின் பெருந்தன்மை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2020 மே மாதம், பி450 போர்டுகளுக்கு 5000 வரிசை கிடையாது என்றுதான் அந்தக் கம்பெனி முதலில் அறிவித்தது. போர்டு வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாதவர்கள் கொதித்துப்போய்க் கேள்வி கேட்க, அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டது. வாங்கியவர்கள் சத்தம் போட்டதால் மிஞ்சிய போர்டுகள் இவை. தம்பியின் பி450 அதில் ஒன்று.

இன்டெல் இந்த விஷயத்தில் கறார். 2017-இல் 8-ஆம் தலைமுறை வந்தபோது சாக்கெட்டின் பெயர் அதே எல்ஜிஏ 1151-தான். ஆனால் அதற்கு முந்தைய தலைமுறைப் போர்டில் போட்டால் ஓடாது, புது 300 வரிசைப் போர்டுதான் வேண்டும் என்றார்கள். பிறகு 10, 11-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1200. 12 முதல் 14 வரை எல்ஜிஏ 1700. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851. உங்களிடம் ஐ5 7400 அல்லது ஐ5 6500 மாதிரி நாலு கோர் இன்டெல் இருந்தால், நேர்மையாகச் சொல்கிறேன், உங்களுக்கு போர்டு மாற்றுவதைத் தவிர நல்ல வழி இல்லை. அதே சாக்கெட்டில் பழைய ஐ7 தேடி அலைவது, ஓட்டை வாளிக்குப் புதுக் கயிறு கட்டுகிற வேலை.

ஆனால் அவர்களுக்கும் ரேமைக் காப்பாற்றிக்கொள்ள வழி உண்டு. எல்ஜிஏ 1700 போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு விதத்திலும் வந்தன. டிடிஆர்4 வகை பி660 அல்லது பி760 போர்டு, கூடவே ஐ5 12400எஃப் என்று போனால், கையில் இருக்கும் டிடிஆர்4 ரேமை அப்படியே மாட்டிக்கொள்ளலாம். பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் வசதி இருக்காது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. அதே சாக்கெட்டில் 13, 14-ஆம் தலைமுறைகளின் அதிக சக்தி கொண்ட சில்லுகளை வாங்கினால், அல்லது ஏற்கெனவே வைத்திருந்தால், பயாஸை முதலில் புதுப்பியுங்கள். அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் அவை காலப்போக்கில் சேதமாகின்றன என்று 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு வருடம் கூட்டியது. 12-ஆம் தலைமுறைக்கு இந்தத் தலைவலி கிடையாது.

ரேமை நான் இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. உலகத்தின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள்தான். ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. 2025-இன் கடைசி மாதங்களில் டிடிஆர்5 விலை இரண்டு மடங்குக்கும் மேல் எகிறியது. அந்த டிசம்பரில், நாமெல்லாம் வாங்கிக்கொண்டிருந்த குரூஷியல் பிராண்டு வியாபாரத்தையே மூடப்போவதாக மைக்ரான் அறிவித்தது. ஏஎம்டியின் புது ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். ஆக, “ஏஎம்5-க்குப் போயிடுங்க சார், ஃபியூச்சர் ப்ரூஃப்” என்று கவுன்டரில் சொல்லும்போது, புராசஸருக்கும் போர்டுக்கும் மேலே மூன்றாவதாக ஒரு பெரிய பில் ஒளிந்திருக்கிறது.

‘ஃபியூச்சர் ப்ரூஃப்’ என்ற சொல்லே எனக்கு ஒவ்வாமை. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, அது நல்ல விஷயம். பழைய பிசி எதுவுமே இல்லாமல் முதல்முறையாகச் சேர்ப்பவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். 4கே மானிட்டரும் உயர்ரகக் கார்டும் வைத்திருப்பவர், வீடியோ எடிட்டிங்கில் சம்பாதிப்பவர் போன்றோரும் தாராளமாகப் போகலாம். ஆபீஸ் முடிந்து ராத்திரி இரண்டு மணி நேரம் 1080 ரெசல்யூஷனில் ஆடுகிறவருக்கு, மூன்று வருடம் கழித்து வரப்போகும் சில்லுக்காக இன்றைக்கு இரண்டு மடங்கு விலையில் ரேம் வாங்கிப் போடுவதில் என்ன நியாயம்?

போர்டு உண்மையிலேயே இடிக்கும் இடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் வாதம் ஒருதலைப்பட்சமாகிவிடும். பி450 போர்டில் இருப்பது பிசிஐஇ 3.0. ஆர்டிஎக்ஸ் 4060, 5060 மாதிரி கார்டுகள் 16 பாதைக்குப் பதில் 8 பாதைதான் பயன்படுத்துகின்றன. பழைய போர்டில் அந்த 8 பாதையும் குறைந்த வேகத்தில் ஓடும். சாதாரணமாக இது தெரியாது. கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பி வழியும்போதுதான் திணறும். டெக்ஸ்சர் அளவை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும். இதற்கென்று நான் போர்டு மாற்ற மாட்டேன். அடுத்த கார்டு வாங்கும்போது மனதில் வைத்துக்கொள்வேன்.

மாற்றும் நாளில்

தம்பி கடைசியில் வாங்கியது ரைசன் 5 5600 மட்டும். பழைய 2600 மாதிரியே ஆறு கோர், அதே 65 வாட். அதனால் கூலர், பவர் சப்ளை எதையும் தொட வேண்டியதில்லை. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. 2600-இல் மூன்று மூன்று கோராகப் பிரித்து, ஆளுக்கு 8 எம்பி கேஷ் கொடுத்திருப்பார்கள். 5600-இல் ஆறு கோரும் 32 எம்பி கேஷை ஒன்றாகப் பகிர்ந்துகொள்ளும். கேம்களுக்கு இந்தக் கேஷ்தான் உயிர்நாடி. 5800எக்ஸ்3டி-இல் அதை 96 எம்பி வரை கொண்டுபோனதால்தான் அதற்கு அவ்வளவு பேர். ஆனால் அந்த 3டி வகைகள் ஏஎம்4-இல் இப்போது புதிதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. பழையது நியாயமான விலைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். என் அனுபவத்தில், செகண்ட் ஹேண்டில் பயப்படாமல் வாங்கக்கூடிய பாகம் புராசஸர்தான். பின் வளையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பழைய மதர்போர்டை அப்படி நம்ப மாட்டேன்.

புதிதாக வாங்கினால் பெட்டியோடு வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் ஆகட்டும், ஆன்லைன் ஆகட்டும், ‘ட்ரே’ என்று சொல்லிப் பெட்டி இல்லாமல் கொஞ்சம் மலிவாக விற்பார்கள். கம்பெனியின் மூன்று வருட வாரன்டி பெட்டியோடு வருவதற்குத்தான். ட்ரேக்குக் கடைக்காரர் சொல்வதுதான் வாரன்டி. 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பில் இல்லாமல் வாங்கினால், நாளைக்கு எதைக் காட்டி மாற்றித் தரச் சொல்வீர்கள்?

பழைய புராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். இந்த வரிசை மாறினால் புதுச் சில்லைப் போர்டு அடையாளமே காணாது, திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலின் பெயரைத் துல்லியமாகப் போட்டு, புராசஸர் பட்டியலில் எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு என்று பாருங்கள். சில போர்டுகளில் ஒருமுறை புதுப்பித்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது என்று எழுதியிருப்பார்கள், அதையும் படியுங்கள். பாதியில் கரன்ட் போனால் போர்டு போச்சு. யுபிஎஸ் இல்லாதவர்கள், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது நான் பட்ட அடி. என் பிசியில் புராசஸரை மாற்றி ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் நாலைந்து வரி ஆங்கிலம் வந்தது. புது சிபியு, எஃப்டிபிஎம்மை அழித்துப் புதிதாக்கவா, ஒய் அல்லது என் அழுத்து என்று. சந்தோஷத்தில் முழுசாகப் படிக்காமல் ஒய்-ஐத் தட்டினேன். விண்டோஸுக்குப் பதில் நீலத் திரை வந்து, 48 இலக்க பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்டது. பிட்லாக்கரை நான் ஆன் செய்த ஞாபகமே இல்லை. புது விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல பிசிக்களில் அது தானாகவே டிரைவைப் பூட்டிவிடுகிறது. அதன் சாவியின் ஒரு பாதுகாப்பு அந்த எஃப்டிபிஎம்மில் இருக்கிறது, அதைத்தான் நான் அழித்தேன். மீட்புச் சாவி என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கோ கல்லூரிக் காலத்தில் தொடங்கியது, பாஸ்வேர்டு மறந்தது, கொடுத்திருந்த போன் நம்பர் இப்போது என்னிடம் இல்லாதது. டிரைவில் மூன்று வருட வருமான வரிக் கணக்கும், மகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்களும் இருந்தன. பேக்கப் எதுவும் கிடையாது. கணக்கை மீட்கும் படிவத்தை நிரப்பிவிட்டு மூன்று நாள் தூங்கவில்லை. நாலாம் நாள் காலையில் சாவி கிடைத்தது.

அதனால், பயாஸைத் தொடும் முன் விண்டோஸ் செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் என்றால் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அல்லது பூட்டை முழுவதுமாக எடுத்துவிட்டு வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். மதர்போர்டையே மாற்றுபவர்களுக்கு இன்னொரு செலவும் காத்திருக்கிறது. பிசியோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டுப்பட்டது, புதுப் போர்டுக்கு வராது. தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் மட்டும்தான் கூடவே வரும். கடைச் சீட்டில் இந்த வரியை யாரும் எழுதித் தருவதில்லை.

கழற்றும்போது ஒரு சின்ன விஷயம். ஏஎம்4 புராசஸரில் பின்கள் சில்லின் அடியில் இருக்கும். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து கெட்டியாகியிருந்தால், கூலரை நேராக இழுத்ததும் புராசஸரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும், பின்கள் வளையும். கால் மணி நேரம் ஒரு கேமை ஓட்டிச் சூடாக்கி, பிசியை அணைத்து பிளக்கைக் கழற்றிய பிறகு, கூலரை இடதும் வலதுமாக மெல்லத் திருகி எடுத்தால் அலுங்காமல் வரும். ஏஎம்5-இலும் இன்டெல்லிலும் பின்கள் போர்டில் இருக்கும். அங்கே சாக்கெட்டை மூடி வரும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள், வாரன்டிக்குப் போர்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்கள்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து மாற்றினார், ஒன்றரை மணி நேரம் ஆனது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் இப்போது புகைக் குண்டு வெடிக்கும் இடத்திலும் 144-க்குக் கீழே இறங்குவதில்லை என்கிறார். கடைச் சீட்டில் இருந்த தொகையில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் செலவு. கழற்றிய 2600-ஐ, புதுச் சில்லு வந்த பிளாஸ்டிக் டப்பாவிலேயே பத்திரமாக வைத்து, ஊரில் காலேஜ் படிக்கும் சித்தி பையனின் ரைசன் 3 பிசிக்கு அனுப்பியிருக்கிறார். அதுவும் ஏஎம்4 போர்டுதான்.